துவாதசியில் பறித்த துளசி

மூக்கையும் வாயையும் சேர்த்து மறைத்து, பின்கழுத்தில் முடிச்சுப் போட்ட ஒரு வெள்ளை மல்துணி. என் மாமனாரை நினைத்தால் அந்தத் துணிதான் முதலில் வந்து நிற்கிறது. கல்யாணமாகி வந்த மறுநாள் காலை, கொல்லைக் கதவைத் திறந்தவள், அந்தக் கோலத்தில் கூடையோடு நின்ற ஆளைத் திருடன் என்று நினைத்து அலறிவிட்டேன். தெருவே கூடிவிட்டது. அவர் துணியை அவிழ்க்கவில்லை, ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. கூடையை உயர்த்திப் பிடித்தபடி கோயில் பக்கம் நடந்துவிட்டார். பெருமாளுக்குச் சாத்துகிற துளசியை முன்னதாக மோந்துவிடக்கூடாது, மூச்சுக்காற்று படக்கூடாது, பறிக்கும்போதும் தொடுக்கும்போதும் வாய் திறக்கக்கூடாது என்பது அந்தக் குடும்பத்துச் சட்டம் என்று எதிர்வீட்டு அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்ன பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் துளசியோடேயே கிடந்த மனிதர், செடியில் இருக்கிற துளசி எப்படி மணக்கும் என்று அதுவரை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

போன மாதம் என் மருமகள் ஒரு அட்டைப்பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே நூல் கட்டிய சின்னச் சின்னப் பொட்டலங்கள். வெந்நீரில் முக்கினால் துளசித் தேநீராம். பெட்டியின் முதுகில் பொடி எழுத்தில் பலன்கள் அச்சடித்திருந்தார்கள். மனப் பதற்றம் தணியும், நல்ல தூக்கம் வரும், சளி இறங்கும், செரிமானம் சீராகும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். எதுவும் பொய்யில்லை, அத்தனையும் என் உடம்பிலேயே பார்த்தவள் நான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பெண் மேல் இல்லை, பாவம், அவள் ஆசையாக வாங்கி வந்தாள். ஒரு டம்ளர் துளசிக் கஷாயத்துக்காக ஒரு மனிதர் எதையெல்லாம் விட்டார் என்று கூட இருந்து பார்த்தவளிடம் அதைப் பெட்டியில் போட்டு நீட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்? அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கால்வாயுமாக இருந்த சின்ன ஊர். பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்களுக்கு இன்னும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். நான் பிறந்தது உள்ளே, வேடந்தாங்கல் பக்கம். நெல்லும் ஏரியும்தான் எனக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன் கடலைப் பார்த்ததுகூட இல்லை. என் கணவர் செங்கல்பட்டில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்துக் கழுக்குன்றம் வந்து, அங்கிருந்து வண்டியும் ஓடமுமாக வீடு சேர்வார். திங்கட்கிழமை விடியலில் கிளம்பிவிடுவார். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, வாரத்தில் ஐந்து நாள் அந்த வீட்டில் மாமாவும் நானும்தான். மருமகளோடு முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. வாசற்காலைப் பார்த்து, “உப்பு கொஞ்சம் கம்மியா கீது” என்பார். உப்பை நான் வாசற்காலுக்குத்தான் போட்டேனோ என்று எனக்கு வாய் வரைக்கும் வரும்.

வந்த முதல் மழைக்காலத்தில் ஒரு தப்பு செய்தேன். எனக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. பிறந்த வீட்டில் எங்கள் அம்மா எல்லாவற்றுக்கும் துளசியைத்தான் கிள்ளிக் கொதிக்கவைப்பாள். அதே பழக்கத்தில் கொல்லையிலிருந்து ஒரு கைப்பிடி பறித்து, மிளகு தட்டிப் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டேன். வாசனை தெருவுக்குப் போயிருக்கிறது. எதிர்வீட்டு அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து, “அடிப் பாவி, துளசித் தாயாரையே நெருப்புல வெச்சிட்டியே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் மட்டுமில்லை, அந்தத் தெருவிலேயே துளசியை யாரும் கொதிக்கவைப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுத் துளசியும் மாமா நட்டுக் கொடுத்த நாற்று, அவர் சொன்ன முறைதான் அங்கே முறை. பெருமாள் மேல் சாத்திக் களைந்ததை வாயில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். மாமா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுவதும் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திட்டியிருந்தால் ஒரு பாட்டம் அழுதுவிட்டு மறந்திருப்பேன். அவர் பட்டினி கிடந்தது என் நெஞ்சில் ஆணி அடித்தமாதிரி இறங்கிவிட்டது.

அதற்கு அடுத்த வருஷம் பிறந்த வீட்டில் எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் இறந்துபோயிற்று. காய்ச்சல் என்றார்கள், ஜன்னி என்றார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும் என்று நான் நினைத்தேன். அந்த அடுப்பும், அந்தத் துளசியும்தான். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் என்னைக் கடலோரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். தூக்கம் அறவே போயிற்று. உட்கார்ந்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், நின்றால் கை நடுங்கும். ரவிக்கை அப்போதும் நனைந்துகொண்டிருந்தது. கடல் இரைவது எனக்குக் குழந்தை அழுவதாகவே கேட்டது. பட்டப்பகலில், சோறு வடிக்கும்போது, கோலம் போடும்போது, எப்போதும்.

ஒருநாள் காலை எதிர்வீட்டு அக்கா குளத்துக்குப் போயிருந்தாள். அவளுடைய நாலு மாதக் குழந்தை தூளியில் அழுதது. நான் போய்த் தூக்கினேன். தூக்கியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடற்கரைக்கு நடந்து, கரையில் ஏற்றி வைத்திருந்த கட்டுமரத்து நிழலில் உட்கார்ந்து அதற்குப் பால் கொடுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தேடி வந்தவர்கள் கேட்டபோது கொடுக்க மாட்டேன் என்றேன். அக்கா மண்ணில் விழுந்து கதறினாள். இரண்டு பேர் என் கையைப் பிரித்துத்தான் குழந்தையை வாங்கினார்கள். அன்றிலிருந்து நான் தெருவில் நடந்தால் தாய்மார்கள் பிள்ளையை இடுப்பில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். அவர்களை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

சனிக்கிழமை என் கணவர் வந்தார். கேள்விப்பட்டதும் முகம் செத்துப்போயிற்று. அவருக்கு அப்போது இருபத்தாறு வயது, பயந்துவிட்டார். “நைனா, இது வூட்ல வெச்சிகினு பாக்குற சீக்கு இல்ல. பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரில வுட்டுடலாம். நாலு பேர் சொல்றதும் அதான்” என்றார். நான் உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஒரு பெண்ணை அப்படித்தான் பட்டணத்துக்கு அழைத்துப் போனார்கள். போனவள் போனவள்தான், அவள் புடவையைக்கூட யாரும் திரும்ப வாங்கிவரவில்லை. “ஒரு மாசம் பாக்கலாம்” என்றார் மாமா. “ஒரே மாசம்தான் நைனா” என்றார் இவர். என் ஆயுசை அப்படி வாசலில் வைத்து ஒரு மாதமாக முடித்தார்கள்.

கோவளத்திலிருந்து ஒரு ஹக்கீம் வைத்தியர், வெள்ளைத் தாடியும் தகரப் பெட்டியுமாக வியாழக்கிழமை தோறும் கால்வாய்ப் படகில் சதுரங்கப்பட்டினம் போவார். வழியில் எங்கள் ஊரில் படகு நிற்கும். பாய் என்றால் சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். மாமா போய் அவரைக் கையோடு அழைத்துவந்தார். பாய் நாடியைப் பிடித்துக்கொண்டு, “இன்னா சத்தம் கேக்குது?” என்று கேட்டார். அதுவரைக்கும் ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. “புள்ள அழுவுது” என்றேன். அப்படியெல்லாம் இல்லை என்று அவர் மறுக்கவில்லை. “இந்தக் கடலு அப்டித்தாம்மா. ஏரிக்கரைல பொறந்த காதுக்குப் புள்ள அழுவற மாதிரிதான் கேக்கும்” என்றார். அப்புறம் மாமாவிடம் திரும்பினார். “பேஜாரு ஒண்ணுமில்ல பெரியவரே. மனசு பதறிகினு கீது, அவ்ளோதான். இதுக்கு நான் பொட்டியத் தொறக்கத் தேவல. நீங்க தெனம் சாமிக்குப் போடறீங்களே, அந்தப் பச்சையே போதும்.”

பூ விடாத கொழுந்தாக ஒரு கைப்பிடி, இரண்டு டம்ளர் தண்ணீர், சிட்டிகை சீரகம். மூடி போட்டு ஒரு டம்ளராக வற்றவிட்டு, வடிகட்டி, பனங்கற்கண்டு போட்டு, காலையும் பொழுது சாய்கிற வேளையும் குடிக்கவேண்டும். நெஞ்சுப் படபடப்பு அடங்கும், தூக்கம் தானாக வரும், வயிறு லேசாகும் என்றார். மிளகு வேண்டாம், சூடு. மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடிக்கவும் வேண்டாம், மறுபடி பிள்ளை வேண்டியவள் என்றார். போகும்போது, “தனியா குடிக்க வுடாதீங்க, பக்கத்துல யாராச்சும் குந்திகினு இருக்கணும்” என்றும் சொன்னார். மாமா வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அத நெருப்புல வெக்கிறது எங்க வூட்ல பழக்கமில்ல பாய்” என்றார். “தெரியும் பெரியவரே. யோசிச்சிப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் பாய் படகுக்குப் போய்விட்டார்.

மாமா யோசித்தார். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வீட்டு ஆளுக்குத்தான் அப்படி ஒரு வழி தோன்றும். பெருமாள் மேலிருந்து களைந்த மாலை பிரசாதம், அதை உட்கொள்வதில் தோஷமில்லை. அடுப்பில் வைத்தால்தானே நெருப்பு? வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கீழே இறக்கி, அதில் இலையைப் போட்டு மூடினால்? மறுநாளிலிருந்து, முதல் நாள் மாலையைக் கோயிலில் கேட்டு வாங்கிவந்து, நாரை அவிழ்த்து, இலை இலையாக உருவி, சொம்பில் ஊறப்போட்டு வைப்பார். எதுவும் வீணாகக்கூடாது என்று அலம்பக்கூட மாட்டார். காலையும் மாலையும் டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். பாய் சொன்னபடி பக்கத்தில் ஆள் இருக்கவேண்டுமே. மாமனார் மருமகள் குடிப்பதைப் பார்க்கவும் கூடாதே. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் குடிப்பேன்.

குடித்தால் வயிற்றைப் புரட்டும். நெஞ்சு முன்னைவிட வேகமாக அடித்துக்கொள்ளும். நாலாம் நாளிலிருந்து வாந்தி எடுக்க ஆரம்பித்தேன். பாய் வந்த வியாழக்கிழமைகளில் மாமா படகுத்துறைக்குப் போய், “குடுத்துகினுதான் கீறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார். எப்படிக் கொடுக்கிறார் என்று பாய்க்கு என்ன தெரியும்? கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், நிஜமாகவே பைத்தியக்காரி போலத்தான் ஆகிவிட்டேன். நாலாவது சனிக்கிழமை என் கணவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். “மருந்துக்கே அடங்கல. வர ஞாயித்துக்கெழம செங்கல்பட்டுலேந்து வண்டி கொண்டாரேன்” என்றார். மாமா சொம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். அவரும் தோற்றுவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. என் பெட்டியை நானே எடுத்துத் துடைத்து வைத்தேன்.

அந்த வாரத்து வியாழக்கிழமை துவாதசி. முதல் நாள் ஏகாதசி உபவாசம் இருந்த மாமா, விரதம் முடிக்கிற பாரணைச் சாப்பாட்டை இன்னும் சாப்பிடவில்லை. அகத்திக்கீரையை ஆய்ந்து வைத்துவிட்டு நான் வாசற்படியில் சரிந்து கிடந்தேன். பாய் அன்று தானாகவே வீட்டுக்கு வந்தார். என் நாடியைத் தொட்டவர் முகம் சுருங்கியது. பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். விரலை விட்டு நாக்கில் வைத்தார். “பெரியவரே, இது இன்னா?” மாமா சொன்னார், எல்லாவற்றையும், பெருமையாகவே சொன்னார். பாய் டம்ளரைக் கீழே வைத்தார். “இதுல துளசி எங்க கீது? பச்சைக் கற்பூரம், சந்தனம், வெளக்குப் பொக, ஒரு நா முழுக்கக் காஞ்ச சருகு. கற்பூரம் வயித்துக்குள்ள போனா நெஞ்சு அடிச்சிகினு ஓடும். இத்தினி நாளா இந்தப் பொண்ணு அத்தத்தான் குடிச்சிகினு இருந்திச்சா?” என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில், அலுப்புதான் இருந்தது. மாமா அந்த டம்ளரையே பார்த்தார். நாற்பது வருஷக் கட்டுப்பாட்டுக்குள் நின்று அவர் எனக்குச் செய்ததுதான் அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய சலுகை. அதுவே விஷமாகிவிட்டது.

எழுந்து கொல்லைப் பக்கம் போனார். பாய் படகுக்குக் கிளம்ப, சுவரைப் பிடித்துக்கொண்டு நானும் கொல்லைக் கதவு வரைக்கும் போனேன். எங்கள் கொல்லை வேலிக்கு அப்பால்தான் கோயில் நந்தவனம், நாற்பது வருஷம் பழகிய கால் அங்கேதான் போயிற்று. துவாதசியில் துளசியை யாரும் தொடமாட்டார்கள், பெருமாளுக்கு வேண்டியதையே முந்தின நாள் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார்கள். அவர் துணி கட்டவில்லை. பாத்திக்குள் இறங்கிக் குனிந்தார். குனிந்தவர் பறிக்காமல் அப்படியே நின்றார். முகத்தைச் செடிக்குள் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அப்புறம் கொழுந்து கொழுந்தாகக் கிள்ள ஆரம்பித்தார். குடத்தோடு அந்தப் பக்கம் வந்த எதிர்வீட்டு அக்கா கீழே வைத்த குடம் சாய்ந்து தண்ணீர் ஓடியது. “பெரியப்பா! இன்னிக்கி துவாதசி!” “தெரியும்” என்றார். பறிக்கும்போது அவர் வாய் திறந்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

அவரே அடுப்பை மூட்டினார். தண்ணீர் வைத்து, இலையைப் போட்டு, தட்டால் மூடினார். வீடு முழுவதும் துளசி மணந்தது. வடிகட்டத் துணி தேடியவர், மாடத்திலிருந்து அந்த மல்துணியை எடுத்து, அதிலேயே வடிகட்டி, பனங்கற்கண்டு போட்டுக் கலக்கினார். டம்ளரை என் முன்னால் வைத்து, வாசற்காலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, “குடிம்மா” என்றார். வழக்கம்போல் திரும்பி உட்கார்ந்தார். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். தர்மகர்த்தாவே வந்துவிட்டார். சின்ன ஊர், சேதிக்குக் கால் வேண்டியதில்லை. மாமா எழுந்து வாசலுக்குப் போனார்.

நான் அந்த டம்ளரைக் கையில் எடுத்தேன். எடுத்தேனே தவிர வாயில் வைக்க முடியவில்லை. ஒரு முறை தெரியாமல் கொதிக்கவைத்ததற்கே என் பிள்ளை போயிற்று என்று நம்பியிருந்தவள் நான். துவாதசியில் பறித்ததை, நெருப்பில் வைத்ததை, தெரிந்தே குடித்தால் இனி என் வயிற்றில் எது தங்கும்? எழுந்து கொல்லைக்குப் போய், முருங்கை மரத்தடியில் அத்தனையையும் கவிழ்த்துவிட்டேன். திரும்பி வந்து காலி டம்ளரோடு உட்கார்ந்தேன். வாசலில் பேசுவது கேட்டது.

தர்மகர்த்தா கெட்டவர் இல்லை. “திதி மறந்துட்சின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. உபவாசம் இருந்த மயக்கம், வயசாயிட்சி. ஒரு பிராயச்சித்தம் பண்ணிட்டு நாளைலேந்து எப்பவும் போல மால கட்டுங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்று கெஞ்சுகிற மாதிரிதான் பேசினார். மாமாவுக்கு அந்த ஒரு பொய் போதும். மூன்று தலைமுறைக் கைங்கரியம் கையை விட்டுப் போகாது. நான் உள்ளே இருந்து, சொல்லுங்கள் மாமா, மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். “மறக்கல. என் மருமவளுக்கோசரம் பறிச்சேன். நாளைக்கும் பறிப்பேன். ஆனா, கோயில் பாத்தில இல்ல, என் கொல்லைல” என்றார். “அப்ப மால?” என்று தர்மகர்த்தா கேட்டார். “வேற யாராச்சும் கட்டட்டும்” என்றார் மாமா. ஓடிப்போய், நான் அதைக் குடிக்கவில்லை, கொட்டிவிட்டேன், அவர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எனக்குத் துணிச்சல் இல்லை. காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் உள்ளே வந்தார். டம்ளரை எடுத்துப் பார்த்தார். அகத்திக்கீரையைத் தானே தாளித்து, எனக்கும் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்து, அவரும் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவிய நினைவு இருக்கிறது. அதோடு சரி. பாயை விரிக்காமல் வெறுந்தரையில் படுத்தவள், மறுநாள் வெயில் முகத்தில் அடித்துத்தான் எழுந்தேன். மூன்று மாதத்தில் அதுதான் எனக்கு முதல் தூக்கம். அடுப்பங்கரையிலிருந்து துளசி கொதிக்கிற வாசனை வந்தது. அன்று அவர் வைத்த டம்ளரை நான் குடித்தேன். அதற்கு மறுநாளும் குடித்தேன். பாய் சொன்ன மூன்று மாதமும் ஒருநாள் தவறாமல் குடித்தேன். மெல்ல மெல்லக் கை நடுக்கம் நின்றது, பசி வந்தது. கடல் கடலாகவே கேட்கத் தொடங்கியது. ஆகவே அந்தப் பெட்டியின் முதுகில் போட்டிருப்பதை நான் மறுக்கவில்லை. துளசி நல்ல மருந்துதான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. கொஞ்சம் பயத்தோடுதான் வாசலுக்கு வந்தேன். மாமா படியில் நின்று, “அவ வண்டில ஏறினா நானும் ஏறுவேன். ரெண்டு பேரையும் அந்த ஆஸ்பத்திரிலியே வுட்டுட்டுப் போ” என்றார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். மூன்று நாள் தூங்கிய முகம். வண்டிக்காரருக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அப்புறம் அவரும் வாசலில் உட்கார்ந்து அழுதார். என்னைக் கேட்டால் அவரும் பாவம்தான்.

மாலைக் கைங்கரியம் ஒன்றுவிட்ட பங்காளி ஒருவருக்குப் போயிற்று. மாமா மறுபடி நந்தவனத்துக்குள் காலடி வைக்கவில்லை. கோயிலுக்குப் போவார், கொடிமரத்தோடு நின்று கும்பிட்டுத் திரும்பிவிடுவார். விடியலில் வழக்கம்போல் விழிப்பு வந்துவிடும், குளித்துவிட்டு ஒன்றும் செய்யத் தோன்றாமல் கொல்லையில் உட்கார்ந்திருப்பார். சில சமயம் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெறும் காற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் கொட்டியது அந்த முருங்கை மரத்தடியில் அவர் கண்ணெதிரே கிடப்பதுபோல் இருக்கும். சொல்லிவிடவேண்டும் என்று வாய் வரைக்கும் வரும். எனக்கு இரண்டு பெண்ணும் ஒரு பிள்ளையும் பிறந்து, மூன்றும் நன்றாக வளர்ந்தபோதும் சொல்லவில்லை. அவர் எதை விட்டாரோ அதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று எனக்குள் நானே ஒரு சமாதானம் வைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் கடைசியில் அவர் படுக்கையில் விழுந்தார். இனி எழமாட்டார் என்று தெரிந்த ஒரு மத்தியானம், கோயிலிலிருந்து தர்மகர்த்தா தாமாகவே துளசித் தீர்த்தம் அனுப்பினார். கரண்டியில் ஊட்டினேன், விழுங்கினார். வீட்டில் வேறு யாருமில்லை. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “மாமா, அன்னிக்கி துவாதசில நீங்க வெச்சிக் குடுத்தத நான் குடிக்கல. பயந்துகினு கொட்டிட்டேன்” என்றேன். சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்து அழுதேன்.

அவர் கண்ணைத் திறந்து, என்னைத்தான் பார்த்தார். “தெரியும்மா. சாயங்காலமே முருங்கையாண்ட பனங்கல்கண்டுக்கு எறும்பு மொச்சிகினு இருந்திச்சி” என்றார். மூச்சு வாங்கியது. “கொட்டுனா இன்னா? அன்னிக்கி நீ தூங்குன இல்ல?” என்றார்.